பெயரில்லாத ஏழாவது ஸ்லைடர்

மஞ்சுளாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மென்பொருள் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் புதுச்சத்திரம் வீட்டில் யாரும் கேட்காத வேலை ஒன்று. எவரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்துவிட்டு, பிறகு கைகழுவிப் போன ஒலி பிளகின்களைத் தேடிப் பிடித்து இன்றைய கணினிகளில் ஓட வைப்பாள். பிளகின் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள். ஒன்று எதிரொலி சேர்க்கும், ஒன்று இரைச்சலைக் கழிக்கும். கணினி மாறும்போது இவை ஓடாமல் நின்றுபோகும். எழுதியவருக்கு அதற்குள் கல்யாணம், பிள்ளை, வேறு வேலை என்று ஆயிரம் வந்திருக்கும்.

"ஊரான் வண்டிக்கு நீ பாடி கட்டறே," என்பான் அவள் கணவன் கந்தவேல். அவனுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. "அதுவும் ஓனர் ஓடிப்போன வண்டிக்கு."

"வண்டி ஓடுதுங்களா இல்லீங்களா, அதப் பாருங்க," என்பாள் இவள்.

இந்தத் தை மாதம் அவள் கையில் எடுத்தது 'சிஃப்டர்' என்கிற பிளகின். பேச்சோடு கலந்துவிட்ட இரைச்சலை மட்டும் சலித்து எடுக்கும். எழுதிய பின்லாந்துக்காரர் பதினோரு வருஷமாக அதைத் தொடவில்லை. வேலை சுத்தம், முகம்தான் பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அதில் வரிசையாகப் பத்து ஸ்லைடர், அதாவது தள்ளித் தள்ளி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெறும் எழுத்தில் பெயர். ஏழாவதுக்குப் பெயர்கூட இல்லை, '7' என்று மட்டும் போட்டிருந்தார்.

மூன்று ஞாயிறு உள்வேலைக்குப் போயிற்று. புதுக் கணினியில் ஓடத் தொடங்கியதும் அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? நாலாவது ஞாயிறு அந்தச் சாம்பல் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, செம்பு நிறத்தில் பளபளக்கும் குமிழ்கள் வரைந்தாள். நடுவில் ஒலிக்கு ஏற்ப ஆடும் அலை ஒன்றையும் வைத்தாள். பெயரில்லாத ஏழு, ஏதோ சோதனைக்குப் போட்டு மறந்தது என்று அவளாகவே தீர்மானித்து அதையும் எடுத்துவிட்டாள். கந்தவேல் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் வண்டியாட்டம் இருக்குது," என்றான். புதுப் பதிப்பை வெளியிட்ட இரண்டே நாளில் எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. புகழ் யாருக்குத்தான் கசக்கும், அவளும் அலுவலகத்தில் நாலு பேரிடம் காட்டினாள்.

ஒன்பதாம் நாள், எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் புகார்ப் பட்டியலில் ஒரு புகார் வந்தது. 'புதுப் பதிப்பு திறக்கிறது. ஆனால் ஒரு குமிழையும் திருப்ப முடியவில்லை. விசைப்பலகையில் எதுவும் நகரவில்லை. பழைய முகத்தைத் திருப்பித் தர முடியுமா? அவசரம். பூபதி, ஓமலூர்.'

உலகம் முழுக்கச் சுற்றிய பிளகினுக்கு ஓமலூரில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது முதலில் ஆச்சரியமாக இருந்தது. பழைய முகம் என்ற சொல்லைப் படித்ததும் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்து வரைந்ததை வேண்டாம் என்கிறானே. 'மவுஸால் திருப்பிப் பாருங்கள். இது பிழை அல்ல' என்று எழுதிப் புகாரை மூடினாள்.

அரை மணி நேரத்தில் அவள் மின்னஞ்சலுக்கே கடிதம் வந்துவிட்டது. 'நீங்கள் நாமக்கல் பக்கம் என்று உங்கள் விவரத்தில் பார்த்தேன். எழுதி விளக்குவதைவிட நேரில் காட்டுவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?' கீழே விலாசம், போன் நம்பர்.

மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கந்தவேலிடம் சொல்லி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் பஸ் மாறி ஓமலூர் போய்ச் சேர்ந்தாள். தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதைப் பிடுங்கியது. பூபதி வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிக்கூடம். அவர் மனைவி ஜோதி கதவைத் திறந்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

மேஜையில் விசைப்பலகை இருந்தது. மவுஸ் இல்லை. மானிட்டர் பிரிக்காத அட்டைப்பெட்டியில் மூலையில் கிடந்தது, அதன் மேல் ஹெட்போனை வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ஓர் இயந்திரக் குரல் மூச்சுவிடாமல் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்த நாற்பது வயதுக்காரர் குரலை நிறுத்திவிட்டு, காலடிச் சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"வாங்க அம்மிணி. பஸ்ஸுல எடம் கெடச்சுதுங்களா?"

மஞ்சுளாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. இந்த மனிதருக்குத்தான் மவுஸால் திருப்பிப் பாருங்கள் என்று ஊரறிய எழுதியிருந்தாள்.

"அண்ணா, நான் எழுதினது..."

"அது கெடக்குதுங்க. தெரிஞ்சா எழுதியிருப்பீங்களா? மொதல்ல இதக் கேளுங்க."

அவர் புதுப் பதிப்பைத் திறந்தார். கணினி 'சிஃப்டர்' என்று சொன்னது. விசையைத் தட்டினார், தட்டினார், ஒரு சத்தமும் இல்லை. "பாத்தீங்களா, உள்ள போனா ஊமையாயிருது. பழசுல ஒவ்வொண்ணும் பேரச் சொல்லும். அம்பு விசையில கூட்டிக் கொறச்சுக்குவனுங்க."

கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை ஒலியில் தருகிற ஓர் அறக்கட்டளையில் அவருக்கு வேலை. ஜோதி படிப்பாள், அவர் சுத்தம் செய்து அனுப்புவார். பழைய கணினி மின்சாரம் ஏறி இறங்கியதில் புகைந்து போயிற்று. புதியதில் பழைய சிஃப்டர் ஓடாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது, பதினோரு பாடம் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் இனிமேல் எல்லாவற்றையும் சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"குமிழ நான் திருப்பிக் குடுக்கறேன்னு சொன்னேன், கேக்கலீங்க," என்றாள் ஜோதி.

"திருப்புவா. ஆனா அது என்ற சொந்த வேலைங்களே," என்றார் பூபதி.

தவறு எங்கே என்று மஞ்சுளாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சாம்பல் பெட்டி, கணினி தானே தருகிற சாதாரண ஸ்லைடர்களால் கட்டியது. அவற்றைக் கணினிக்குத் தெரியும், பெயர் சொல்லிப் படிக்கும். இவள் வரைந்த செம்புக் குமிழ்கள் அதற்கு வெறும் சாயம். சாயத்தைப் பேச வைக்கலாம், ஆனால் ஒரு மாதம் பிடிக்கும். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து குமிழ்களையும் அலையையும் மொத்தமாக அழித்தாள். வலிக்கத்தான் செய்தது. பழைய முகத்தை எடுத்து, பெயரில்லாத ஏழாவதை மட்டும் விட்டுவிட்டு, தான் எழுதிய புதிய உள்வேலையோடு பொருத்தினாள். ஜோதி கொண்டுவந்த டீ ஆடை கட்டிப்போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பூபதியின் கணினியில் ஏற்றியபோது அது ஒவ்வொரு ஸ்லைடரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவர் முகம் மலர்ந்தது. விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்து சட்டென நின்றது.

"ஏழு எங்கீங்க?"

"அதுக்குப் பேரே இல்லீங்களேண்ணா. சும்மா கெடக்குதுன்னு எடுத்துட்டனுங்க."

"சும்மா கெடக்கலீங்க. இந்த ஊட்டுல அது ஒண்ணுதான் வேலை செய்யுது." ஜோதி படித்த பாடத்தை ஓட விட்டார். மின்னோட்டம் பற்றி அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லின் மேலும் தறி தடக் தடக்கென்று அடித்தது.

மஞ்சுளா பழைய நிரலைத் தோண்டினாள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப விழும் அடியைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் ஏழின் வேலை. பின்லாந்துக்காரர் அதைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பூபதி நாலு வருஷத்துக்கு முன்பு காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார். படித்த படிப்பை வைத்துக்கொண்டு அதைச் சும்மா கிடக்கிறது என்று எடுத்தவள் இவள். வெட்கமாக இருந்தது.

ஏழாவதைத் திரும்பச் சேர்த்தாள். பூபதி அம்பு விசையைத் தட்டத் தட்ட, தறி அடங்கி அடங்கி, கடைசியில் ஜோதியின் குரல் மட்டும் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜத் தறி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மறுபடி யாராச்சும் எடுத்துருவாங்கண்ணா. ஒரு பேர் சொல்லுங்க, வெச்சர்றேன்."

"தறின்னே வெய்யுங்க."

ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தாள். கணினி அதை வெள்ளைக்கார வாயால் 'தாரி' என்றது. மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று இரவே அந்தப் பதிப்பை எல்லோருக்குமாக வெளியிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூபதியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'பதினோரு பாடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷப் புத்தகமும் எனக்கே.' மஞ்சுளா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புகார்ப் பட்டியலைத் திறந்தாள். அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. அழகான குமிழ்கள் எங்கே என்று ஏழு பேர் சண்டை. தாரி என்றால் என்ன என்று ஒருவர். எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள்.

கடைசியாகப் பூபதியின் பழைய புகாருக்கு வந்தாள். 'மவுஸால் திருப்பிப் பாருங்கள்' என்று அவள் எழுதியது அப்படியே இருந்தது. ஒரு தட்டில் அழித்துவிடலாம், உரிமையும் அவளுக்கு இருந்தது. அழிக்காமல், அதற்குக் கீழே 'இது பிழைதான். பிழை என்னுடையது' என்று எழுதிவிட்டு, சமைக்கப் போனாள்.