மூக்கில் சுற்றிய டேப்

"உன் அண்ணனுக்கு நான் என்ன துரோகம் பண்ணிட்டேன்னு என்னை இப்படிப் பார்க்கிற?"

கல்யாணமாகி வந்த புதிதில், கொடியில் துணி காயப்போட்டபடி அண்ணி கேட்டது. நாத்தனார் பூனை கதவுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் நடப்பதாலும் கதவிடுக்கில் நின்று பார்ப்பதாலும் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் அது. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்துக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டவள். வாய் செய்யாத வேலையையும் சேர்த்து அவள் கண் செய்தது.

அண்ணன் கப்பல் வேலைக்குப் போனபின் வீட்டில் இவர்கள் இருவர்தான். போன இடத்திலிருந்து அவன் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே மாடல் ராக்கெட்டின் பாகங்கள்: அட்டைக் குழாய், மெல்லிய மர இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் பாராசூட், ஒரே ஒரு வெடிமருந்து எஞ்சின்.

"ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்க. பறக்கறதை வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றான் போனில்.

சேர்ந்தாவது செய்வதாவது. அண்ணி ஓர் இறக்கையைத் தொட்டால்கூடப் பூனை அதை மெல்ல இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வாள்.

"சரிம்மா, தொடலை. உன் ராக்கெட், உன் ஆகாசம்" என்று அண்ணி டீ டம்ளரோடு நகர்ந்துவிடுவாள்.

அண்ணிக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை மாவு போகாது. ஒருநாள் சாயங்காலம் சமையலறையில் நின்று அவள் தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். பூனை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"பொண்ணு கை சுத்தம் மேடம். வாய்தான் திறக்காது. ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வந்து ஒரு பார்வை பாருங்க. பிடிச்சிருந்தா உங்ககிட்டயே அனுப்பிடறேன். இல்ல, அவகிட்ட இன்னும் சொல்லலை."

பூனை அப்படியே பின்வாங்கித் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். யாருக்கோ வீட்டு வேலைக்கு அனுப்பப் பார்க்கிறாளா? ஏதாவது விடுதியில் தள்ளப் பார்க்கிறாளா? அண்ணன் திரும்பி வரும்போது இந்த வீட்டில் தனக்கு இடம் இருக்காது. அதற்குமுன் ராக்கெட் பறந்துவிட வேண்டும். தங்கச்சியால் முடியும் என்று வீடியோவில் அவன் பார்த்துவிட்டால், அவளை அனுப்ப யாருக்கும் மனம் வராது. அன்றிலிருந்து பூனை ராக்கெட்டைத் தன் கட்டில் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் எழுந்ததும் கை தானாக அதைத் தேடியது. நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் சற்றே திரும்பியிருந்தது. மூக்கைப் பிடித்து இழுத்தாள். முந்தின நாள்வரை கிறீச்சிட்டுக்கொண்டு வந்த மூக்கு இப்போது வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் அடிவிளிம்பில் யாரோ தேய்த்த தடம். பாராசூட்டின் மடிப்புகளிலும் வெள்ளைப் பொடி.

வெள்ளைப் பொடி யார் கையில் இருக்கும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. கூடத்தில் அண்ணி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். பூனை கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. பாராசூட்டை உதறி மடித்தாள். மூக்கின் அடியில் டேப்பை இழுத்துச் சுற்றினாள், அதன்மேல் இன்னொரு சுற்று. உள்ளங்கையால் அழுத்தி, கிறீச்சென்று ஏற்றினாள். இனி யார் கெடுக்கிறார்கள் பார்க்கலாம்.

மைதானத்தில் ஒரு பருத்த அம்மாள் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணியின் லேப் முதலாளி.

"இதுவா? இது மட்டும் மேல போயிடுச்சுன்னா நிலாவுல வாடகைக்கு வீடு பார்த்துடலாம்" என்றார். குனிந்து இறக்கைகள் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பசை ஒரு சொட்டு வெளியே வரலை. நீ சொன்னது சரிதான்."

பூனை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி சிரித்தாள். "லேப்ல மெழுகு வார்க்க ஆள் தேடறாங்க. வேலையில பேசவே வேண்டாம், கை மட்டும் போதும். பறந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். சரி, அழுத்து."

யோசிக்க நேரமில்லாமல் விரல் ஏவும் பொத்தானை அழுத்திவிட்டது. சீறிக்கொண்டு கிளம்பிய ராக்கெட், தரையில் நட்டிருந்த ஏவுகம்பியை விட்டு ஏறிப் புள்ளியானது. அண்ணி போனை உயர்த்திப் பிடித்துத் தொடர்ந்தாள். எஞ்சின் எரிந்து முடிந்ததும் உள்ளே ஒரு வெடிப்பு மூக்கைத் தள்ளிவிட, பாராசூட் வெளியே வந்து விரிய வேண்டும். வால் பக்கம் கொஞ்சம் புகை வந்தது. மூக்கு அசையவில்லை. தலைகீழாகத் திரும்பிய ராக்கெட், எறிந்த ஈட்டிபோல வந்து தரையில் குத்தியது.

அருகில் போனார்கள். குழாய் மடிப்பு மடிப்பாக நசுங்கியிருந்தது. முதலாளியம்மா மூக்கைத் திருகிப் பார்த்தார், வரவில்லை.

"பல்லை இப்படி இறுக்கி மாட்டினா பேஷன்ட் முதல்ல என்னைத்தான் கடிப்பான்" என்றார். பூனையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "பரவாயில்லை. அப்புறம் பேசுவோம்." குடை காரை நோக்கிப் போனது.

அண்ணி நகத்தால் டேப்பைக் கீறி எடுத்தாள். சுற்று சுற்றாக வந்தது.

"இறுக்கமா இருக்குன்னு காலையில நான் தேய்ச்சு விட்டிருந்தேனே. பாராசூட் ஒட்டிக்காம இருக்க பவுடரும் போட்டேன். கேட்டா தொட விடமாட்டேன்னுதான் நீ தூங்கும்போது செஞ்சேன். இதை யாரு சுத்தினது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொள்ளவில்லை.

"நான்தான் அண்ணி. நீங்க கெடுத்து வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

அண்ணி பிசுபிசுத்த டேப்பை உருட்டிக்கொண்டே நின்றாள். போனில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். நசுங்கிய ராக்கெட்டைப் பூனையின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பு மண்ணைக்கூடத் தட்டாமல் மைதானத்தைக் குறுக்கே கடந்து தெருவுக்குள் நடந்து போனாள்.