கை பொறுக்கும் சூடு

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, தக்கலையில் ஹீட்டர் விற்கும் கடையின் ஷட்டர் உயரும் முன்பே ஞானையன் படியில் நின்றார். சாயங்காலம் மகள் ஷைஜா இரணியலிலிருந்து காரோடு வருவாள். அதற்குள் ஹீட்டர் மாட்டியிருந்தால் அம்மா இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

அவர் மனைவி தேவகனிக்கு இடப்பக்கம் வாதம் வந்து ஐந்து மாதம். நொச்சியிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றச் சொன்னார் வைத்தியர். ஞானையன் தினமும் கையை முக்கிப் பார்த்துத்தான் ஊற்றினார். சர்க்கரை வியாதியில் அந்தக் கை மரத்துப்போயிருந்தது அவருக்கே தெரியாது. தேவகனியின் இடத்தோளுக்கும் சூடு தெரியவில்லை. ஒருநாள் தோல் உரிந்து தண்ணீரோடு வழிந்தபோதுதான் இருவரும் பார்த்தார்கள்.

கடைக்காரன் செல்வன் ஒவ்வொன்றாகக் காட்டினான். சின்னதில் பட்டனைத் தட்டியதும் சூடு வரும். ஆனால் குழாயில் தண்ணீர் மெலிந்தால் கொதித்துவிடும். கேஸில் ஓடும் ஹீட்டருக்குக் காற்றோட்டம் வேண்டும். தேவகனிக்குக் குளிருமென்று குளியலறை ஜன்னலை அவர் அட்டை வைத்து அடைத்திருந்தார். இரண்டும் வேண்டாமென்றார்.

"எத்ர சூடுண்ணு நம்பரு காட்டுத மெஷின் உண்டா மக்கா?"

"உண்டு பாட்டா. பதினஞ்சு லிட்டர். நீங்க வைக்கிய நம்பருக்கு மேல ஏறாது. பேரப்பிள்ளைய குளிப்பாட்டவா?"

ஞானையன் ஆமென்று தலையாட்டினார்.

எலெக்ட்ரீஷியன் பெனிஷ் மூன்று மணிக்குள் மாட்டிக் கொடுத்தான். முப்பத்தெட்டில் வைத்தார்கள். ஷைஜா வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். வாளியில் முழங்கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இது கொள்ளாம். அம்மா இஞ்ச நிக்கட்டு," என்றாள். அம்மாவின் துணி அடைக்கக் கொண்டுவந்த பையைக் காரில் வைக்கப் போனாள்.

ஞானையன் தேவகனியைத் தாங்கி நடத்திவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஹீட்டரைத் தொட்டு எண்ணைக் காட்டினார். வாளியில் கப்பை முக்கி எடுத்தார். தேவகனியின் வலது கை மெல்ல எழுந்து இடத்தோளைப் பொத்திக்கொண்டது. அவர் காத்திருந்தார். கை இறங்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பம் சூடு பாக்குதது எனக்க கையில்ல தேவகனி, மெஷினாக்கும். ஊத்தட்டா?"