மலையைப் பார்த்து நின்ற டிஷ்

மணிமொழி டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். மொட்டை மாடிக்கு ஏறிவிட்டால் ஹாம் ரேடியோக்காரி; ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுவதே பொழுதுபோக்கு. டிஷ்ஷுக்கு முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்குமே எல்என்பி, அதில் ஒரு சாக்கு, கேபிள்காரர் வல்லரசு கழித்துப்போட்டதை அள்ளிவந்தார். நாலைப் பிரித்துக் கெடுத்து, ஐந்தாவதை உருப்படியாக்கினார். தெருவே எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

ஹாம்காரர்கள் பேசிக்கொள்ளவென்றே மேற்கு வானத்தில் ஒரு செயற்கைக்கோள் அசையாமல் நிற்கிறதாம். அந்தப் பேச்சை ஞாயிறு காலை பத்துக்குள் பிடித்துக் காட்டியாக வேண்டும். பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா பச்சையம்மாளின் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்துவிடும். அது காய மாடி வேண்டும். டிஷ் பழைய இரும்புக்குப் போகும்.

போதாக்குறைக்கு, டிஷ் நேரே அண்ணாமலையைப் பார்த்து நின்றது.

"மலைக்குள்ளயா டீச்சரம்மா சேட்டிலைட்டு?"

"மொகம்தாங்க்கா மலையைப் பாக்குது, காது மேல இருக்குது. கீரை ஆய்ஞ்சிக்கினே எதிர்வீட்டு சண்டையைக் கேப்பீங்களே, அந்த மாதிரி."

"நான் எப்பம்மா கேட்டேன்?" என்றார் பச்சையம்மாள். அவர் பக்கம் சாட்சி சொல்லத் தெருவில் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிறு ஒன்பதரை. லேப்டாப்பில் வெறும் இரைச்சல். டீச்சர் ஒலியைக் கூட்டிப் பார்த்தார்; நேற்று லேசாகவாவது கேட்டதே! திரும்பிப் பார்த்தால், டிஷ் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு இதைத் தூக்கனது?"

கணவர் அருள்ராஜ் இளித்தார். "மலை மறைக்குதேன்னு நான்தான்... ஒரு ஒத்தாசை."

"ஒங்க ஒத்தாசையில தீய வெக்க! நட்டைக்கூட முறுக்கல!"

அப்போதுதான் தார்ப்பாயோடு மாடியேறினார் பச்சையம்மாள்.

"அடப்பாவிங்களா! அண்ணாமலையாரைப் பாத்துக்கினு இருந்ததை எவன் திருப்பனது?" தார்ப்பாயைப் போட்டுவிட்டு, டிஷ்ஷின் தலையை இரண்டு கையாலும் பிடித்து பயபக்தியோடு மெள்ள அமுக்கினார்.

இரைச்சலுக்குள் ஒரு குரல் முளைத்தது.

"அப்படியே நில்லுங்க்கா! மூச்சு விடாதீங்க!" டீச்சர் குதித்த குதியில் தண்ணீர்த் தொட்டியே ஆடியது. "ஆப்பிரிக்காங்க்கா! ஆப்பிரிக்கா!"

பச்சையம்மாள் சிலையாய் நின்றார். "இன்னாம்மா சொல்றான்?"

"நேத்து காத்துல அவரு டிஷ் சாஞ்சிடுச்சாம்."

"ஐயோ பாவம். பொண்டாட்டி ஏசினாளாமா?"

அருள்ராஜ் ஸ்பேனர் தேடி ஓடினார். கீழே வேன் ஹாரன் அடித்தது. "மூட்டையை மாடிக்கு ஏத்தட்டுமாம்மா?"

"எந்தங்கச்சி வூட்டு மாடில கொட்டுடா!" என்று திரும்பாமலே கத்தினார் பச்சையம்மாள். "நான் கையை எடுத்தா ஆளு பூடுவான்!"