இரண்டாவது போத்தல்

நெடுந்தீவுப் படகைப் பிடிக்க மதாம் ஒடில் காலையிலேயே வெளிக்கிட்டுவிட்டார். வாடகை வானில் ஏறுவதற்கு முதல், உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்த இரண்டு வைன் போத்தல்களை எடுத்து ஜெகதீசின் கைகளில் வைத்தார்.

"ஒன்றை இப்போதே திற. சமைப்பதோடு வைத்துப் பார். மிச்சத்தையும் மற்றப் போத்தலையும் பின்னேரம் நான் வந்தபிறகு குடிப்போம். எதோடு எது சேரும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லைத்தானே?" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார்.

வான் நாரந்தனை ஒழுங்கையால் திரும்பி மறையும்வரை ஜெகதீசும் சிரித்த முகத்தோடுதான் நின்றான். பிறகு குசினிக்குள் வந்து, போத்தல்களை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தான்.

பிரான்சின் தென்மேற்கில் ஒரு சின்னப் பட்டினத்தில் மதாம் ஒடில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஜெகதீஸ் அங்கே கோப்பை கழுவப் போனவன். பிறகு மரக்கறி வெட்டினான், மேசைக்குப் பரிமாறினான். கடைசியில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் நல்லது என்று வந்தவர்களுக்குச் சொல்லுகிற வேலையே அவனுடையதாகிவிட்டது. அந்தப் பக்கம் மல்பெக் என்கிற கறுத்தத் திராட்சைக்குப் பெயர்போனது. அதிலும் வயது போன கொடிகள் கொஞ்சமாய்த்தான் காய்க்கும். ஆனால் காய்க்கிறதில் சாரம் இறங்கியிருக்கும். மேசையில் இருந்த இரண்டு போத்தலும் அப்படியான கொடிகளில் வந்தவை. முன்பு அவன் கையாலேயே எத்தனையோ தடவை திறந்த வைன்.

பிறகு அவனுக்கு வந்த கொரோனாக் காய்ச்சல் ஒரு கிழமையில் மாறியது. அதில் போன மணம் தெரிகிற சக்தி மட்டும் திரும்பி வரவில்லை. மதாம் சில மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவனை நிறுத்தி, அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்தார். திரும்பவும் கோப்பை கழுவ அவனுக்கு மனம் வரவில்லை, ஊருக்கு வந்துவிட்டான். விசா ஒருபோதும் சரிவராமல் இங்கேயே இருந்துவிட்ட மனைவி அன்ரனிட்டாவிடம், "உம்மோடை இருக்கவேணும் போலை இருந்தது, வேலையை விட்டிட்டு வந்திட்டன்" என்றான். அவள் அழுதுவிட்டாள். அதற்குப்பிறகு உண்மையைச் சொல்ல ஒரு வழியும் இல்லாமல் போய்விட்டது.

வந்த கையோடு வீட்டின் முன்பக்கத்தில் மூன்று அறைகள் கட்டி, தீவுகள் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரருக்கு விட்டார்கள். ஓடித்தான் கொண்டிருந்தது, பெரிதாக இல்லை. மதாமும் அதற்கிடையில் கடையை விற்றுவிட்டார். அங்கே குளிர்காலமாகிற மாதங்களில் தன் ஊர்க்காரரைச் சின்னச் சின்னக் கூட்டமாக இங்கே அழைத்துவந்து, தீவுச் சாப்பாட்டோடு தங்கள் ஊர் வைனைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. 'உன் மூக்கு இப்போது எப்படி?' என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். 'முழுதாகத் திரும்பிவிட்டது' என்று ஜெகதீஸ் எழுதினான். எழுதும்போது அது அவ்வளவு பெரிய பொய்யாகத் தெரியவில்லை. அதை நம்பித்தான் மதாம் இப்போது இடம் பார்க்க வந்திருந்தார்.

மீன்பிடிக்கிற அருளப்பு அண்ணை விடியக் கொண்டுவந்து போட்ட நண்டை அன்ரனிட்டா குசினி மூலையில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், ஒரு உதவி வேணும்."

"உப்பிடித் தொடங்கினால் பெரிய அலுவலாத்தான் இருக்கும். சொல்லுங்கோ."

"எனக்கு மணம் தெரியிறேல்லை."

"ஏன், தடிமனோ?"

"இல்லை. கொரோனாவிலை போனது. இன்னும் வரேல்லை."

அவள் நண்டுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்ப நான் எதைச் சமைச்சாலும் நல்லா இருக்கு நல்லா இருக்கு எண்டு சொல்லுறது இதாலையோ?"

"உப்பு, புளி, உறைப்பெல்லாம் தெரியும். நாக்கு வேலை செய்யுது. மூக்குத்தான்..."

"பருப்பு தீஞ்ச அண்டைக்கும் நல்லா இருக்கெண்டு சாப்பிட்டனீங்கள்."

அன்ரனிட்டா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். அவள் என்ன யோசிக்கிறாள் என்பது கேள்வி வருவதற்கு முதலே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கொரோனா நீங்கள் அங்க இருக்கேக்கை வந்தது. மூக்கு இல்லாமல் உந்த வைன் வேலை செய்ய ஏலாதெண்டு எனக்கும் விளங்கும். அப்ப நீங்களாத்தான் வேலையை விட்டிட்டு வந்தனீங்களோ?"

ஜெகதீஸ் போத்தலின் கழுத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டினான்.

"சரி, அதைப் பிறகு கதைப்பம்," என்றாள். "உந்த மனிசி பின்னேரம் வந்திடும். இப்ப நான் என்ன செய்யவேணும்?"

கோபம் வந்தால் அவள் வேலையைத் தவிர வேறொன்றும் கதைக்கமாட்டாள்.

அவன் தக்கையைத் திருகி இழுத்து, இரண்டு கிளாசில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினான். நத்தார்ப் பண்டிகைக்கு மச்சாள் வீட்டில் போடுகிற இனிப்பு வைனைத் தவிர அன்ரனிட்டா வேறொன்றும் குடித்தவளில்லை. ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுழித்தாள்.

"இனிப்பே இல்லை. இதையோ அவையள் விரும்பிக் குடிக்கினம்?"

"குடிக்காதேயும். முதல் மணந்து பாரும். என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லும்."

அவள் கிளாசை மூக்கருகில் பிடித்தாள். "நாவற்பழம். மரத்திலை இருக்கிறதில்லை, நல்லாக் கனிஞ்சு நிலத்திலை விழுந்து கிடக்கிறது."

"வேறை?"

"பென்சில் சீவினால் வருமே, அந்த மணம்."

ஜெகதீஸ் நிமிர்ந்து இருந்தான். பென்சில் என்றுதான் அவனும் அங்கே மேசை மேசையாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். "வயலட் பூ மாதிரி ஏதும்?"

"நான் அந்தப் பூவைக் கண்ணாலையும் காணேல்லை. பிறகெப்பிடி மணத்தைச் சொல்லுறது?"

மணம் போனாலும் வாயில் பிடிக்கிற பிடி அவனுக்குத் தெரிந்தது. கன்னத்தின் உட்புறம் இழுத்தது, நாக்கு வறண்டது. வாழைக்காயைப் பச்சையாய்க் கடித்த மாதிரி என்றாள் அவள். வைன் திறந்தவுடன் அப்படித்தான் இருக்கும், காற்றுப்பட விட்டால் இளகும் என்று சொல்லி, மிச்சத்தை வாயகன்ற ஒரு கண்ணாடிக் குடத்துக்குள் மாற்றி வைத்தான்.

நண்டுக்கும் சிவத்த வைனுக்கும் ஒத்துவராது என்று அவன் சொல்ல, "மனிசி தீவுக்கு வந்து நண்டு தின்னாமல் போறதோ?" என்று அன்ரனிட்டா குழம்பை வைத்துவிட்டாள். ஒரு துண்டைச் சாப்பிட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தவள் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தாள். உறைப்பு இரண்டு மடங்காகி, வாய்க்குள் செம்புச் சாமானை வைத்துச் சப்பின மாதிரி இருக்கிறதாம். அவனும் ஒரு வாய் பார்த்தான். செம்பு அவனுக்குத் தெரியவில்லை, எரிவு தெரிந்தது.

மோட்டச்சைக்கிளில் ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போய்க் கொழுப்போடு சேர்த்து ஆட்டிறைச்சி வாங்கிவந்தான். அவள் தன் வழமைப்படி வறுத்த கறித்தூள் போட்டு ஒரு சின்னச் சட்டியில் பிரட்டினாள். அதுவும் சரிவரவில்லை.

"இறைச்சி நல்ல ருசி. ஆனால் பிறகு குடிச்சால் வைனிலை ஒரு மணமும் இல்லை. தூள் எல்லாத்தையும் மூடிப்போட்டுது."

"அப்ப தூளை விடுவம். மிளகும் உள்ளிப்பூடும் மட்டும் போட்டு, கொழுப்பிலையே வதங்க விடும். புளி வேண்டாம், பாலும் வேண்டாம்."

"கறி இல்லாத கறியோ?" என்றாள். ஆனாலும் செய்தாள். இறக்குகிற நேரம், அவனைக் கேட்காமலே ஒரு நெட்டுக் கறிவேப்பிலையைப் பொரித்துப் போட்டாள். இந்த முறை அவன்தான் முதலில் குடித்தான். கொழுப்பு பட்டவுடன் அந்த இழுவை அடங்கி வைன் வழுவழுவென்று இறங்கியது. அவ்வளவு அவனுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் தெரிய அவளுடைய முகத்தைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

அன்ரனிட்டா இரண்டு தடவை மென்று விழுங்கி, ஒரு வாய் குடித்தாள். "இறைச்சியை விழுங்கின பிறகும் அந்த நாவற்பழம் நிக்குது," என்றாள். குரலில் கோபம் போகவில்லை, ஆனால் இன்னொரு துண்டை எடுத்தாள்.

தகரப் பேணியில் கிடந்த, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலையும் முறித்துத் தின்று பார்த்துவிட்டு, இதுவும் நல்லாய்ச் சேருகிறது என்றாள். காய்ந்த சாமானுக்கு மேல் வாயை வறட்டுகிற வைன் எப்படிச் சேரும் என்று அவன் தலையாட்டினான். அவள் அதையும் ஒரு பீங்கானில் எடுத்து வைத்தாள்.

பொழுதுபட முதலே மதாம் ஒடில் முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். முன் விறாந்தையில் மேசை போட்டு மூன்று பேரும் இருந்தார்கள். மதாம் நண்டைக் கையால் உடைத்து, தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். பிறகு புட்டும் ஆட்டிறைச்சியும் வந்தன. ஜெகதீஸ் காலையில் திறந்த வைனை ஊற்றி, கிளாசைச் சுழற்றி மூக்கருகில் பிடித்து, இந்த ஊரில் நாவல் என்றொரு பழம் இருக்கிறது, அதுதான் முதலில் வருகிறது, பின்னால் பென்சில் கரி என்றான். மதாம் மணந்து, குடித்து, இறைச்சியைத் தின்று, திரும்பவும் குடித்தார்.

"மிளகோடு நிறுத்தியிருக்கிறாய். நல்ல புத்தி. அந்த இலை என்ன? அது எனக்குப் பிடித்திருக்கிறது."

புழுக்கொடியலில் ஒரு கடி கடித்துப் பார்த்து, தன் பல்லுக்கு இது ஏலாது என்று வைத்துவிட்டார். தை மாதத்துக்கு இரண்டு கூட்டம் கொண்டுவரலாம், அறை காணாவிட்டால் பக்கத்து வீட்டிலும் கேட்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.

வைன் முடிந்தது. ஜெகதீஸ் இரண்டாவது போத்தலைத் திறந்தான். பழக்கப்படி தன் கிளாசில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மணந்து, சரி என்று தலையாட்டிவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றினான். மதாம் கிளாசை மூக்கருகில் கொண்டுபோனார். ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தார். அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லது," என்று கிளாசைக் கீழே வைத்தார்.

அன்ரனிட்டாவும் தன் கிளாசை எடுத்தாள். "இது காலமை குடிச்சதில்லையே," என்றாள்.

"அதேதான். அதே தோட்டம், அதே வருசம்."

"இல்லை. மழையிலை நனைஞ்ச சாக்கு மணக்குது. நாவற்பழத்தைக் காணேல்லை."

ஜெகதீஸ் மேசையில் கிடந்த தக்கையை எடுத்துப் பார்த்தான். தக்கை பழுதானால் வைனில் அந்த நனைந்த மணம் ஏறும். எப்போதாவது ஒரு போத்தலுக்கு அப்படி நடக்கும். இந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதல் மாதம் படிக்கிற பாடம் அது. வாடிக்கையாளரின் மேசைக்குப் போகாமல் அதைத் தடுக்கத்தான் பரிமாறுகிறவன் தான் முதலில் மணந்து பார்க்கிறது. அவன் மதாமைப் பார்த்தான். அவர் குனிந்து இறைச்சியை எலும்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார், அந்த எலும்பில் இறைச்சி ஒன்றும் மிச்சமில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று குனிந்தபடியே கேட்டார்.

களைத்துப்போனாளாம், இனிக் குடிக்க ஏலாதாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். மதாமும் அதை ஏற்றுக்கொண்டிருப்பார். அன்ரனிட்டா இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நனைந்த சாக்கு மணக்கிறது என்கிறாள். சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியாது, மதாம். மூக்கு திரும்பி வரவில்லை. காலையிலிருந்து மணந்தது எல்லாம் அவள்தான்."

மதாம் முள்ளுக்கரண்டியை வைத்தார். "எனக்கும் மணந்தது. இதற்கு நீ தலையாட்டியிருந்தாய், அதிலேயே விளங்கிவிட்டது. உன் வீட்டில், உன் மனைவிக்கு முன்னால் சொல்ல விருப்பமில்லை."

"உங்கள் கடையில் இப்படி ஒன்றை ஊற்றியிருந்தால்?"

"அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"அனுப்பினீர்கள்தானே."

"அனுப்பினேன்," என்றார் மதாம். சிரிக்கவில்லை.

"எனக்கும் சொல்லுங்கோ," என்றாள் அன்ரனிட்டா.

அவன் தமிழுக்குத் திரும்பினான். "என்னை வேலையாலை நிப்பாட்டினது இவாதான். மூக்குப் போனதாலை. நானா விட்டிட்டு வரேல்லை."

அன்ரனிட்டா எழும்பினாள். குசினிக்குள் போய்விடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். "அவாவுக்கு இன்னும் இறைச்சி போடட்டோ எண்டு கேளுங்கோ," என்றாள்.

அடுத்தநாள் காலை மதாம் ஒடில் போகமுதல் ஒளிவில்லாமல் சொன்னார். வைனுக்கென்று ஆட்களைக் கூட்டி, அவனை முன்னால் நிறுத்த அவரால் ஏலாது. ஆட்களை அனுப்புவார், அறைக்கும் சாப்பாட்டுக்கும். வைனைத் தானே தெரிந்தெடுத்துக் கொண்டுவருவார். அதுவே பெரிய காரியம் என்றான் ஜெகதீஸ். மதாம் அன்ரனிட்டாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவள் கூச்சத்தில் விறைத்துப்போய் நின்றாள்.

வான் போனபிறகு அன்ரனிட்டா வாசற்படியில் குந்தியிருந்து கேட்டாள். "வேலை போகாட்டில் வந்திருப்பியளோ?"

"இல்லை," என்றான். "பென்சன் எடுக்குமட்டும் அங்கதான் இருந்திருப்பன்."

"உண்மையைச் சொன்னதே பெரிய காரியம்," என்றாள். அப்படிச் சொன்னாலும் அந்தக் கிழமை முழுக்க அவனோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். கிழமை முடிய, யாழ்ப்பாணத்தில் காது மூக்குத் தொண்டை வைத்தியர் ஒருவரிடம் நாள் எடுத்துவிட்டதாக அறிவித்தாள். இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார் வைத்தியர். தேசிக்காய், கராம்பு, கோப்பி என்று தெரிந்த மணங்களைக் காலையும் மாலையும் மணந்து பழகச் சொன்னார்.

அன்றுமுதல் அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சின்னப் போத்தலாக அவன் மூக்குக்குக் கிட்டப் பிடிப்பது அவளுடைய வேலையாயிற்று. ஒருநாள் அவன் "கராம்பு" என்றான். அவள் துள்ளி எழும்பி, "மணந்ததோ?" என்றாள்.

"இல்லை. மூக்கு எரிஞ்சுது."

"சரி, எரிஞ்சதெண்டாலும் ஒண்டுதானே," என்று மற்றப் போத்தலைத் திறந்தாள்.

தை மாதம் மதாம் ஐந்து பேரோடு வந்தார். கொண்டுவந்த மல்பெக் வேறொரு தோட்டத்தினது. அன்ரனிட்டா மணந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, இது மெலிசு என்றாள். ஜெகதீசும் குடித்துப் பார்த்தான். வாயில் பிடி குறைவுதான். மிளகைக் குறைப்போம், கொழுப்பையும் கொஞ்சம் அரிந்து எடுப்போம் என்று இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இறைச்சியை வெட்டத் தொடங்கினார்கள்.