சம்பந்தியின் பட்டறையில் நின்ற மெஷின்

புவனேந்திரன் உருளையின் அச்சை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பேரிங் இன்னும் உள்ளே இறங்கவில்லை. இரண்டு தரம் ராவி, துணியால் துடைத்து, மறுபடி அழுத்தினார். இறங்கியது.

பலகையை மழமழப்பாகத் தேய்க்கும் மெஷின் அது. சட்டத்தின் இரும்பு, லண்டன் நோர்பரியில் பூட்டிவிட்ட பலசரக்குக் கடையொன்றின் தட்டுகளில் வெட்டி எடுத்தது. மோட்டர், பழுதான காற்றுப் பம்பினுடையது. பலகையை உருளைக்குக் கீழே கொண்டுபோகும் பெல்ட்டை, யாரோ தெருவோரம் வைத்துவிட்ட, நின்ற இடத்திலேயே ஓடும் உடற்பயிற்சி மெஷினில் கழற்றியிருந்தார். வேலை செய்த அலுமாரித் தொழிற்சாலையை மூடியதிலிருந்து மாரிக் குளிர் முழுதும் அவர் கராஜில்தான் நின்றார். அரசாங்கம் தரும் பெனிபிட் காசுக்கு எழுதிப்போடச் சொன்னவர்களோடு அவர் பிறகு கதைக்கவில்லை. சொந்தமாக மேசை செய்து கொடுப்பதுதான் எண்ணம்.

மனைவி நகுலேஸ்வரி தேநீரோடு வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதில ஓடின ஆக்கள் மெலிஞ்சவையோ?"

"ஆக்கள் மெலிஞ்சதோ தெரியாது. பலகை மெலியும். சுவிட்சைப் போடும்."

சொரசொரப்பாக உள்ளே போன பலகை மறுபக்கம் கண்ணாடிபோல வந்தது. நகுலேஸ்வரி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

பாலேந்திரா வந்தது அதற்கு அடுத்த கிழமை. ஹவுன்ஸ்லோவில் கடைகளுக்கு கவுண்டர் செய்து கொடுக்கும் பட்டறை அவருடையது. அவருடைய மகன் றஜீவனுக்கும் புவனேந்திரனின் மகள் துஷ்யாவுக்கும் ஆவணியில் கலியாணம்.

"சம்பந்தி, என்ர சாண்டிங் மெஷின் நிண்டுபோச்சு. ஓடர் கிடக்கு. ஒரு கிழமைக்கு இதைத் தாங்கோவன்."

"அதுக்கென்ன, கொண்டு போங்கோ."

ஒரு கிழமை போனது. இரண்டு மாதமும் போனது.

"ஒருக்கா ஃபோன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றாள் நகுலேஸ்வரி.

"பொம்பிளை வீட்டுக்காரர் குடுத்ததைத் திருப்பிக் கேட்கிறதோ? நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சொல் வரும்."

"அப்ப உங்கட தொழில்?"

அவர் அரத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

பிறகு சட்டனில் சாப்பாட்டுக் கடை திறக்கவிருந்த வேதவல்லி மேசைகளுக்குச் சொல்லியனுப்பினாள். "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறன் அண்ணை. அதுக்கு முதல் வேணும். வடிவா வந்தால் என்ர மற்றக் கடை வேலையும் உங்களுக்குத்தான்." அவர் பலகைகளை வெட்டி ஒட்டி முடித்தார். தேய்ப்பது மட்டும் மிச்சம். செவ்வாய்க்கிழமை வான் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, கயிற்றோடு ஹவுன்ஸ்லோவுக்குப் போனார்.

பட்டறை நடுவில் மெஷின் நின்றது. நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு வேலையாள் அலுமாரிக் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் விட்டுக்கொண்டிருந்தான். பாலேந்திராவின் மனைவி கமலாம்பிகையும், கலியாணத்துக்கென்று பாரிஸிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த அவளுடைய சொந்தக்காரரும் சுற்றி நின்றார்கள்.

"வாங்கோ, வாங்கோ! இப்பதான் உங்களைப் பற்றிக் கதைச்சனாங்கள்" என்று பாலேந்திரா அவர் தோளில் கையைப் போட்டார். "இவர்தான் எங்கட சம்பந்தி. பொம்பிளையோட மெஷினும் தந்த மனுசன். தன்ர கையால செய்தது!"

சிரித்தார்கள்.

"பரவாயில்லை, வெறுங்கையோட அனுப்பேல்லை" என்றார் வந்தவர்களில் மூத்தவர். "மருமகளுக்கெண்டு செய்ததோ, தம்பி?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வேலையாளும் கதவொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

புவனேந்திரன் நிமிர்ந்து நின்றார். "ஓம். பிள்ளைக்குத்தான்."

"கையில என்ன கயிறு, சம்பந்தி?"

"ஒரு அலுமாரி ஏத்த வேண்டிக் கிடக்கு. இந்தப் பக்கம் வந்தனான், உங்களையும் பார்த்திட்டுப் போவமெண்டு."

கமலாம்பிகை தேநீர் கொடுத்தாள். அவர் ஆறவைத்துக் குடித்து, கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் கராஜில் இன்னும் பாதி மேசைகள் தேய்க்காமல் கிடந்தன. ஒரு பலகையின் அந்த நுனியில் நகுலேஸ்வரியும் இந்த நுனியில் அவருமாக, மரத்துண்டில் சாண்ட்பேப்பரைச் சுற்றித் தேய்த்தார்கள். அவளுடைய விரல் மூட்டுகளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

ஃபோன் அடித்தது. பாலேந்திரா. புவனேந்திரன் கையைத் துடைக்காமலே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பலகையின் மேல் வைத்தார்.

"சம்பந்தி, பெல்ட் ஒரு பக்கமா இழுக்குது. பெடியனுக்குப் பிடிபடேல்லை. நாளைக்குச் சாமான் குடுக்கவேணும்."

"பின்னால சின்ன உருளை ஒண்டு இருக்கு. அது சரிஞ்சு போயிருக்கும். இடக்கைப் பக்கத்தை ஒரு நூல் முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கோ. மெல்லமா. அடிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, உடைஞ்சு போகும்."

அந்தப் பக்கத்தில் இரும்பில் இரும்பு உரசிற்று. யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் தட்டுத்தட்டென்று. பிறகு ஒரே சீராக.

"சரி வந்திட்டுது சம்பந்தி!"

புவனேந்திரன் கையைத் தூக்கி மனைவியை நிறுத்தினார். சத்தம் மாறாமல் ஓடுகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். மெஷினுக்குள் ஒரு கதவு போய் வெளியே வருவது கேட்டது. இன்னொன்று போனது.

"ஓம், இப்ப சரி" என்று ஃபோனை வைத்துவிட்டு, பலகையில் குனிந்தார்.