லேஸ் கட்டும்போது விழுந்த கோல்

“கோல்கீப்பர் இடது பக்கம் சாயுறான்பா. ஆனா இவன் அவசரப்படலை. பந்தை நிறுத்துறான். ஒரு மூச்சு விடுறான். அப்புறம் கால் நுனியால, தூங்குற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுற மாதிரி, மெதுவா…”

பந்து வலைக்குள் போய் விழுந்தபோது அப்பா இல்லை.

மகளுக்கு அது உடனே தெரியவில்லை. ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்தபடி, கோல் போட்டவன் கொடிக்கம்பம் வரை ஓடியதையும், எதிரணிக்காரர்களே வாய் பிளந்து நின்றதையும் இன்னும் இரண்டு நிமிடம் வர்ணித்துக்கொண்டிருந்தாள். ‘ம்’ வரவில்லை. துணியை வாளியில் போட்டாள். அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து.

முக்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வந்த நினைப்பு, ஒன்பது மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியதில்லை என்பது. அடுத்த நினைப்பு: சொல்லாமலே விட்டுவிட்டோமே.

என்ன சொல்லவில்லை என்று புரிய, அந்த ஊரின் கோப்பையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எட்டு அணிகள். ரொட்டிக்கடை, தபால், தீயணைப்பு, பூட்டு சாவித் தொழிலாளர் என்று ஆளுக்கொரு பிழைப்பு; ஞாயிறானால் எல்லோருக்கும் கால்பந்து. எட்டு அணியும் சேர்ந்து ஆடினாலும் ஓர் உருப்படியான அணி தேறாது. முதலிடம் யாருக்கு என்பதை அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். ஆனால் ‘ஆண்டின் மிக அழகான கோல்’ என்று ஒரு கோப்பை உண்டு. உயரம் ஒரு ஜாண். அதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்திருக்கிறார்கள், ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது, தபால்காரர் ஒருவர் எதிரணித் தெருவுக்கு ஆறு மாதம் கடிதமே கொடுக்கவில்லை. அத்தனை ரகளைக்கும் நடுவர் ஒரே ஆள்: லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற இவளுடைய அப்பா. முப்பத்தொரு வருடம். தன் கையால் தொட்டுப் பார்க்காத கம்பிக்குக் கையெழுத்துப் போடாத மனிதர் என்பதால் அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. கோலைத் தேர்ந்தெடுப்பதோடு, அது எப்படி விழுந்தது என்று ஒரு வாசகமும் எழுதித் தருவார். அதை மைதானத்தில் ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டுத்தான் கோப்பையைக் கொடுப்பார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் அவருக்குக் கண் போனது. வேறு நடுவரைப் பார்க்கச் சொன்னார். கமிட்டி கேட்கவில்லை. “உங்க பொண்ணு பார்த்துட்டு வந்து சொல்லட்டும். நீங்க கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க” என்றார்கள்.

பெண்ணுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. ஆவி பறக்கும் உருளையில் கொடுத்து எடுத்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பா. அவருடைய நெஞ்சு இருமல், இரவில் மணிக்கு ஒருமுறை அவளை எழுப்பாமல் விடாது. முதல் ஞாயிறு கண்ணை விரித்து வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தாள். இரண்டாவது ஞாயிறு, பார்வையாளர் மேடையின் மூன்றாவது படியில் தூணோரமாக உட்கார்ந்தவள், தொடக்க விசிலைக் கேட்டாள். அடுத்துக் கேட்டது முடிவு விசில். பலகையில் யார், எத்தனையாவது நிமிடம் என்று எழுதியிருந்ததைப் புறங்கையில் குறித்துக்கொண்டாள். வீடு பதினான்கு நிமிட நடை. அந்தப் பதினான்கு நிமிடத்தில் ஒரு கோலைச் செய்து முடித்தாள். அப்பா கேட்டுவிட்டு, “அடேங்கப்பா” என்றார்.

அவ்வளவுதான், பழக்கமாகிவிட்டது. நான்கு வருடத்தில் அவள் பார்த்த கோல் மொத்தம் மூன்று. சொன்ன கோல் இருநூறுக்குக் குறையாது. அவள் வாயில் ரொட்டிக்கடைக்காரர்கள் பறந்தார்கள், தபால்காரர்கள் காற்றில் படுத்து எழுந்தார்கள்; பந்து கம்பத்தில் பட்டு, யோசித்து, அப்புறம் உள்ளே போனது. அந்தப் பொய்க்கு அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்கு இந்த வருடக் கோப்பை. காலையில் மிச்சமிருந்த கோலையும் சொல்லி முடித்ததும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் எதையும் பார்க்கலப்பா” என்று சொல்லிவிடுவதாக இருந்தாள். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியம்.

எட்டரைக்கு டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். ஒன்பதுக்குச் செயலாளர் வந்தார். முடிவெட்டும் கடைக்காரர், கமிட்டியின் செயலாளரும் அவர்தான், பொருளாளரும் அவர்தான், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரும் அவர்தான். அவர் அழுதால் பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணிகூட நனைந்துவிடும். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதார். மூக்கைச் சிந்தினார். பிறகு தலையைத் திருப்பாமலே, “யாருன்னு சொல்லிட்டாராம்மா?” என்று கேட்டார்.

“சொல்லல மாமா.”

“கோடி காட்டியிருப்பாரே.”

“இல்ல மாமா.”

“ஒன்பதாவது வாரத்துக் கோலா, பதினோராவது வாரமா? தலையைக் கிலையை ஆட்டினாரா?”

“மாமா, அவர் செத்துட்டார்.”

“அதுக்குத்தானேம்மா அழுறேன்” என்று மறுபடியும் காலைப் பிடித்தார். “மழைக்குக்கூடத் தள்ளிவைக்காத கோப்பைம்மா. மூணு மணிக்கு அடக்கம். அஞ்சு மணிக்குக் கோப்பையில பேர் வெட்டுறவன் உளியோட வந்து உக்காந்துடுவான். அவன்கிட்ட நான் என்ன பேர் சொல்றது, சொல்லு.”

மதியம் தம்பி வந்தான். நான்கு மணி நேரப் பயணம். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டு அப்பாவின் நெற்றியைத் தொட்டான்.

“சாப்பிட்டியாக்கா?”

“ம்.”

“பொய் சொல்ற.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவன் சாப்பாட்டைத்தான் சொன்னான்.

“நானும் ஒரு கோல் போட்டேன், ஞாபகமிருக்கா? பாதி மைதானத்துலேர்ந்து. அந்த வருஷம் கோப்பையை ரொட்டிக்கடைக் குண்டனுக்குக் குடுத்தாரு. ஏம்ப்பான்னு கேட்டா, உன் கோல் பலசாலிடா, அழகி இல்லைன்னாரு.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “பத்தொம்பது வருஷமாச்சு. இன்னும் ஆறலை.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டேன். அதையேதான் திருப்பிச் சொன்னாரு.”

ஒரு மணிக்கு வேறொரு தலைவலி. வாசலில் இரட்டைக் கதவு; ஒரு கதவைத் திறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒற்றைக் கதவு வழியாகச் சவப்பெட்டி போகாது. சாய்த்துக் கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். லிப்ட் மெக்கானிக்கைச் சாய்த்துத் தூக்கினால் எழுந்து வந்து அடிப்பார் என்றார் செயலாளர். பூட்டுக்காரருக்கு ஆள் போனது.

மகள் டார்ச்சைத் தேடி எடுப்பதற்குள் பூட்டுக்காரர் வந்துவிட்டார். போன வருடக் கோப்பை இவருக்குத்தான். வாசகம் அவளுக்கு மனப்பாடம்: ‘முதுகைக் கோலுக்குக் காட்டி நின்றவர், பந்து வருமுன்பே அதை உணர்ந்து, ஆகாயத்தில் மல்லாந்து, தலைக்கு மேலே வந்த பந்தைக் கத்தரிக்கோல் போல் இரு கால்களால் வெட்டி வலைக்குள் அனுப்பினார்.’ ஆளோ நூற்றுப் பத்துக் கிலோ. கதவருகே குனிவதற்கே மூன்று தவணை தேவைப்பட்டது.

“டார்ச் அடி தங்கச்சி.”

அடித்தாள். அவர் துருவில் எண்ணெய் விட்டார். சுத்தியால் தட்டினார். மற்றவர்கள் முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே” என்றாள் மகள். “உங்க கோல்…”

“என் கோலுக்கு என்ன?”

“நிஜமா எப்படி விழுந்துச்சு?”

பூட்டுக்காரர் தாழ்ப்பாளிடமே பேசினார். “லேஸ் கட்டிட்டு இருந்தேன்.”

“என்னது?”

“குனிஞ்சு லேஸ் கட்டிட்டு இருந்தேன்மா. எவனோ அடிச்ச பந்து பின்னாடி பட்டுச்சு. பின்னாடின்னா… பின்னாடிதான். திரும்பிப் பார்த்தா எல்லாரும் கோல்ங்குறாங்க. எனக்கு வலி.” எண்ணெய் போதவில்லை, இன்னும் இரண்டு சொட்டு விட்டார். “அந்த வாசகத்தை மைக்குல வாசிச்சப்ப நானே கைதட்டிட்டேன். யாரோ நல்லா ஆடியிருக்கான்னு நினைச்சேன்.”

டார்ச் வெளிச்சம் தாழ்ப்பாளிலிருந்து அவர் முகத்துக்குத் திரும்பியது. “நேரா புடி” என்றார்.

“அப்பாவுக்கு… அப்பாகிட்ட…”

“மறுநாளே போய்ச் சொல்லிட்டேனே. திங்கக்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்த. கோப்பையைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். ஐயா, இது எனக்கு வேணாம், இப்படி இப்படின்னு எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சாரு பாரு, இருமல் வந்து நான் முதுகு தடவிவிட வேண்டியதாப் போச்சு. அப்புறம் கேட்டாரு, அவ எங்க உக்காந்திருந்தான்னு. மூணாவது படி, தூணுக்குப் பக்கத்துலன்னேன். சாஞ்சுட்டாளான்னாரு. வாயைத் திறந்துட்டுன்னேன். எவ்வளவு நேரம்னாரு.”

“என்ன சொன்னீங்க?”

“ரெண்டு பாதியும்னு சொன்னேன். இடைவேளையிலயுமான்னாரு. இடைவேளையிலயும்தான்னேன்.” தாழ்ப்பாள் கொஞ்சம் அசைந்தது. “அப்புறம் கோப்பையைத் தடவிப் பார்த்துட்டு என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. நான் இங்க அவளை ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கவிடறதில்ல, அங்கயாவது தூங்கட்டும், நீ இதைத் திருப்பிக் குடுத்தா அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும், எடுத்துட்டுப் போன்னாரு. எனக்கு வேற வழி?”

அவள் எண்ணெய்க் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மூணாவது படிக்கு மேல இருந்த ஒலிபெருக்கி கெட்டுப்போச்சுல்ல? அது கெடல. செயலாளர்கிட்டச் சொல்லி உங்கப்பாதான் கழட்ட வெச்சாரு. முந்நூறு பேர் உனக்குப் பக்கத்துல நகத்தைக் கடிச்சுக்கிட்டே ஆட்டம் பார்த்தோம். கோல் விழுந்தாக்கூட அந்தப் பக்கத்துல கத்துறதில்ல, தெரியுமா? வாயைப் பொத்திக்கிட்டுக் குதிப்பானுங்க.” ஓங்கி ஒரு தட்டு. தாழ்ப்பாள் விடுபட்டுக் கதவு முனகியபடி திறந்தது. வெயில் உள்ளே வந்து விழுந்தது. “திறந்தாச்சு. கையைக் குடு, எழுந்திரிக்கணும்.”

அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவள் டார்ச்சை அணைக்க மறந்து, வெயிலில் அதைப் பிடித்தபடி நின்றாள். தம்பி வந்து வாங்கி அணைத்தான்.

மூன்று மணிக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பின்பக்கம் பெட்டிக்கு இருபுறமும் நீள இருக்கை. ஒரு பக்கம் மகளும் தம்பியும், எதிரே செயலாளர். வண்டி நகர்ந்ததும் அவர் நோட்டை எடுத்தார்.

“மாமா, நான் எதையும் பார்க்கல” என்றாள் மகள். ஒத்திகை பார்த்த வாக்கியம்தான். இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

“தெரியும்மா.”

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நீங்க எல்லாத்தையும் பார்த்தீங்கல்ல? நீங்களே எடுங்க.”

“அய்யோ, எனக்கு அழகெல்லாம் தெரியாதும்மா. கோடு போடத்தான் தெரியும். நான் நடந்ததை நடந்தபடி சொல்றேன். நீ கேட்டுட்டு ஒண்ணைச் சொல்லு. உன் அப்பாவும் கேட்டுத்தானே சொன்னாரு.”

அவள் தலையசைத்தாள். வண்டியின் பக்கப்பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “ஒண்ணாவது வாரம். தபால் அணி. பந்து வந்துச்சு. அடிச்சான். போயிடுச்சு.”

“ம்.”

“ரெண்டாவது வாரம் கோல் இல்ல. மழை வேற. மூணாவது வாரம் தீயணைப்பு. கார்னர் அடிச்சான் ஒருத்தன். எல்லாரும் எம்பினாங்க. யார் தலைன்னு தெரியல. அதுவும் போயிடுச்சு.”

“ம்.”

“நாலாவது வாரம் பெனால்டி. நேரா அடிச்சான். கோல்கீப்பர் ஒதுங்கிட்டான்.”

வண்டி மெதுவாகப் போனது. நடந்து வருகிறவர்களுக்காக டிரைவர் இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. ஐந்தாவது வாரம், ஆறாவது வாரம். பந்துகள் வந்தன; அடித்தார்கள்; போய்விட்டன. ஏழாவது வாரத்தில் ரொட்டிக்கடைக்காரர் வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது ‘ம்’ வரவில்லை.

செயலாளர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவள் தலை தம்பியின் தோளில் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி நின்றது. டிரைவர் இஞ்சினை அணைக்கப் போனான். தம்பி கையை உயர்த்தி வேண்டாம் என்றான். பின்கதவைத் திறந்து பெட்டியைத் தூக்க வந்த ஆறு பேரும் உள்ளே பார்த்தார்கள். முன்னால் நின்ற பூட்டுக்காரர் விரலை உதட்டில் வைத்தார். கதவை அப்படியே திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பின்னால் வந்த கூட்டமும் ஒவ்வொருவராகக் காரணத்தை எட்டிப் பார்த்து, சுவர் நிழலில் வரிசையாக நின்றது. யாரோ இருமல் வந்து வாயைப் பொத்திக்கொண்டு தெருமுனை வரை ஓடினார்.

மணி மூன்றே முக்கால். செயலாளர் கடிகாரம் கட்டிய கையை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.