பெருமாள் குடியிருக்கும் ஃப்ளாட்

விலையைக் குறைத்தால் எந்த வீடும் விற்றுவிடும் என்று கண்ணபிரானுக்குச் சொன்ன மகராசன் யாரோ தெரியாது. ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால், திருப்பதியில் அந்த மூன்றாம் மாடிக்கு அவனை நாலு தடவை ஏறி இறங்க விட்டிருப்பார். மூன்று முறை குறைத்தாயிற்று. கடைசி விலையைக் கேட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்காரரே குரலைத் தாழ்த்தி, "ஏன் சார், உள்ள ஏதாவது நடந்துதா?" என்றார். குறைக்கக் குறைக்கச் சந்தேகம்தான் கூடியது.

அவர் காரணம் தேடாத இடமில்லை. வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார். அந்த மனுஷர் சமையலறையைக் குற்றம் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்கிறதே என்று அசோசியேஷனோடு மல்லுக்கு நின்றார். ஹாலுக்குப் புதிதாக வர்ணம் அடித்தார். ம்ஹூம், ஒன்றும் பலிக்கவில்லை.

அவசரம் அவருக்கில்லை, மனைவி அலர்மேலுக்கு. அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒருநாள் லிஃப்டை நம்பிக் கீழே இறங்கி, அது நின்றுபோக, வாட்ச்மேன் நாற்காலியில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் வாசலைத் தாண்டுவதே இல்லை. சித்தூரில் மகள் ஸுப்ரஜாவின் வீட்டை ஒட்டினாற்போல ஒரு தரைவீடு விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரி ரத்னம்மா, "உங்க அம்மாவுக்குன்னா நா நிறுத்தி வெக்கிறேன்" என்று ஸுப்ரஜாவிடம் சொல்லியிருந்தாள். இந்த ஃப்ளாட் போனால் அந்த வீடு. அலர்மேல் மனசால் அங்கே எப்போதோ குடிபோய்விட்டாள். பேத்தி ரக்ஷிதாவை எந்த ஜன்னல் வழியாகக் கூப்பிடுவது என்பது வரை அவளுக்கு முடிவாகியிருந்தது.

ஆட்கள் வராமலும் இல்லை. புரோக்கர் இஸ்மாயில் வாரம் தவறாமல் யாரையாவது அழைத்து வருவார். அன்றைக்கு வந்தது ஏர்பேட்டிலிருந்து ஒரு தம்பதி. கண்ணபிரான் அப்போதுதான் ஆராதனம் முடித்து, நெற்றியில் திருமண் பளிச்சென்று, வாசலில் நின்று வரவேற்றார். ஹாலைச் சும்மா கடந்தார். சமையலறையை விரலால் காட்டினார். நேரே பெரிய படுக்கையறைக்குத்தான் கூட்டிப் போனார்.

படுக்கையறை என்று பெயர்தான். குடிவந்த நாளிலிருந்தே அது பெருமாள் சன்னதி. தலைமுறை தலைமுறையாகத் திருமலையில் பிரபந்தம் சேவித்த குடும்பம். அவர்கள் வழிபட்டு வந்த சாளக்கிராமங்கள் அங்கேதான் வெள்ளிப் பெட்டியில் எழுந்தருளியிருந்தன. ஆசாரம் பார்த்து, அந்த அறையோடு சேர்ந்த குளியலறைக்கே சுவர் வைத்து அடைத்துவிட்டார் மனுஷர். வீட்டுக்கு இதைவிடப் பெரிய விசேஷம் என்ன வேண்டும் என்பது அவர் எண்ணம். திரையை விலக்கி, கற்பூரம் காட்டி, தீர்த்தம் கொடுத்து, கையில் தத்தியோன்னமென்று தயிர்சாதப் பிரசாதமும் வைத்தார்.

அந்தப் பெண் துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தட்டில் பத்து ரூபாய் போட்டாள். நாற்காலியில் இருந்த அலர்மேலின் காலிலும் விழுந்துவிட்டு எழுந்தாள். இரண்டாவது குளியலறை எங்கே என்று கேட்க வாயெடுத்த புருஷனை முழங்கையால் இடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

"இது முடிஞ்ச மாதிரிதான்" என்றார் கண்ணபிரான்.

"போன வாரமும் இதையேதான் சொன்னேள்" என்றாள் அலர்மேல்.

அன்று ஸுப்ரஜா போன் செய்தாள். "அப்பா, ரத்னம்மாவோட பிள்ளை அவசரப்படுத்தறான். நான் சொல்றதைக் கேளுங்கோ. பெருமாளைப் பெட்டியோட ஏளப்பண்ணிண்டு ரெண்டு பேரும் எங்காத்துக்கு வந்துடுங்கோ. ஃப்ளாட்டைக் காலி பண்ணி, சாவியை இஸ்மாயில் பாய்கிட்ட குடுத்துடலாம். காலி வீடு சீக்கிரம் போகும்."

"பார்க்கலாம்மா" என்றார்.

பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது ஸுப்ரஜாவுக்கும் தெரியும், பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அலர்மேலுக்கும் தெரியும். ஸுப்ரஜா தானாகத் தேடிக் கட்டிக்கொண்ட சுரேஷ்பாபு வேற்று ஜாதித் தெலுங்குப் பையன். சித்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். கல்யாணமாகிப் பத்து வருஷமாகிறது. கண்ணபிரான் அந்த வீட்டுக்குப் போகாமலில்லை. போவார், ஹாலில் உட்காருவார், பேத்தியைக் கொஞ்சுவார், தாகமெடுத்தால் பையிலிருந்து தன் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக் குடிப்பார். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த பாட்டில்தான் எல்லாவற்றையும் பேசியதே!

"அந்தாத்துல சமைச்சதைப் பெருமாள் எப்படிடி அமுது செய்வார்?" என்றார் அலர்மேலிடம்.

அவள் கால் வலிக்குத் தைலத்தை எடுத்துத் தானே தேய்த்துக்கொண்டாள். மாடவீதியில் பங்காளி விஷ்ணுவர்தன் இருக்கிறாரே, பெருமாளை அவரிடம் விட்டுவைக்கலாமா என்று கண்ணபிரான் போய்க் கேட்டுப் பார்த்தார். காலி பண்ணிக்கொண்டு அமெரிக்கா போனவர்களின் பெருமாள்களெல்லாம் தன் வீட்டில்தான் இருக்கிறார்கள், இனி வைக்க இடமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். இப்படியே ஆடி போய் ஆவணியும் போயிற்று.

ஒருநாள் இஸ்மாயில் தனியாக வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படி ஓரமாக நின்றார்.

"சாமி, நா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. ஜனம் வந்துகினுதான் இருக்காங்க, போய்க்கினுதான் இருக்காங்க. வந்தவங்க படி எறங்கும்போது என்னா சொல்றாங்க தெரியுமா? 'தர்சனம் பாகா ஜரிகிந்தி', தரிசனம் நல்லா ஆச்சு, அப்டிங்கிறாங்க. கோயிலுக்கு வந்துட்டுப் போறாப்ல போறாங்க சாமி. வீட்ட எவன் பார்த்தான்?"

"பெருமாள் இருக்கற இடம்னா வாங்கறவாளுக்குப் புண்ணியம்தானே, பாய்?"

"அதான் தப்பு. அந்த ஏர்பேடு அம்மாவ நானே கேட்டேன். 'அண்ணா, அந்த ரூம்ல கட்டில் போட்டு எப்டிப் படுக்கறது? கால எந்தப் பக்கம் நீட்றது? நாங்க வாங்குனா சாமிய நாங்க தொரத்துனாப்ல ஆவாதா?'ன்றாங்க. நீங்க ரேட்டு எறக்க எறக்க, சாமி வீடே இவ்ளோ சீப்பா வருதுன்னா ஏதோ தோஷம்னு பயந்துக்கறாங்க. ரூம காலியா காட்டுனா அது ரூமு. ஒருவாட்டி கற்பூரம் காட்டிட்டீங்கன்னா அது கோயிலு. கோயில எவன் சாமி வாங்குவான்?"

கண்ணபிரான் கேட்டுக்கொண்டே சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விற்காத வீட்டுக்கு ஊரையெல்லாம் குற்றம் சொன்னாரே, லிஃப்டையும் சமையலறையையும் திட்டித் தீர்த்தாரே! வந்தவர்களையெல்லாம் தன் கையாலேயே தீர்த்தம் கொடுத்து வழியனுப்பி வைத்திருக்கிறார். உள்ளே நாற்காலியில் அலர்மேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் கார்த்தால பஸ் ஏறுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ஏறினார். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்கப் போகிற கூட்டத்தோடு நின்றுகொண்டே சித்தூர் போய்ச் சேர்ந்தார். தெருமுனை திரும்பியபோதே ரத்னம்மா வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தெரிந்தது. யாரோ ஒரு பெண் புதுப் புடவையில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். உள்ளே பால் பொங்கியதற்கு அடையாளமாகக் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. கண்ணபிரான் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து, தெலுங்கில் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனான்.

"பதினைஞ்சு நாளாச்சு முடிஞ்சு" என்றாள் ஸுப்ரஜா. "ரத்னம்மா பாவம், முடிஞ்ச மட்டும் காத்திருந்தா. அம்மாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

அவர் உட்கார்ந்தார். மெல்ல, பெருமாளை இங்கே ஏளப்பண்ணிக்கொண்டு வரலாமென்று இருக்கிறேன் என்றார்.

ஸுப்ரஜா எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினாள். மெழுகிக் கோலமிட்ட மூலையில் மணை போட்டு, அதன்மேல் ஒன்றும் வைக்காமல், பக்கத்தில் விளக்கு மட்டும் ஏற்றியிருந்தது.

"கல்யாணமான வருஷமே ஒழிச்சு வெச்சேன் இந்த இடத்தை. இந்தாத்துல மாமிசம் வந்ததே இல்லப்பா. அவர் ஆசைப்பட்டா வெளியில சாப்பிட்டு, குளிச்சுட்டுத்தான் உள்ள வருவார். நீங்க ஒருநாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கலை." அவள் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டினாள். "பத்து வருஷமா ஒரு வாய்த் தீர்த்தம்கூட நீங்க இங்க சாப்பிட்டதில்லை. பெருமாள் மட்டும் எப்படிப்பா அமுது செய்வார்?"

கண்ணபிரான் பைக்குள் கை விட்டார். பாட்டில் கையில் தட்டுப்பட்டது. அதைத் தொட்டவர் அப்படியே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

"தாகமா இருக்கும்மா. கொஞ்சம் தீர்த்தம் குடு."

அவள் டம்ளரில் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் தூக்கிக் குடிக்கும்போது பாதி அங்கவஸ்திரத்தில் சிந்தியது. வயசான காலத்தில் இப்படி வெட்கங்கெட்டு அழுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

அப்போது போன் அடித்தது. அலர்மேல்தான்.

"ஏன்னா, போய்ச் சேர்ந்தேளா? பக்கத்தாம் இன்னும் இருக்கோன்னோ, ரத்னம்மாவோடது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. அலர்மேல் பேத்தியைக் கூப்பிடுவதாக இருந்த அந்த வீட்டு ஜன்னல், இந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

"போயிடுத்து, அலர்மேல். என்னாலதான் போயிடுத்து."

அந்தப் பக்கம் மூன்றாம் மாடியில் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

"அவாத்துல தீர்த்தம் சாப்பிட்டேளா?"

"சாப்பிட்டேன்."

"அதை அப்பவே சாப்பிட்டிருக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டு அலர்மேல் போனை வைத்தாள்.